ஐந்து வோல்ட்டில் போன மீசைகள்

சங்க மலருக்கு வாழ்த்துரை கேட்டிருந்தீர்கள். வாழ்த்துகிற மனநிலையில் நான் இல்லை. வாழ்த்துவதற்கு லண்டனில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, பொன்னாடைக்குத் தோள் கொடுப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. நான் திட்டுவதற்கு வந்திருக்கிறேன். மின்சாமான் விற்கிற, திருத்துகிற பிள்ளைகள் நீங்கள். நானும் அதே தொழிலில் குனிந்து குனிந்து முதுகு கூனி ஓய்வெடுத்தவன். அந்த உரிமையில் திட்டுகிறேன். என் படத்தைப் போடுவதா விடுவதா என்பதை மலர்க்குழு தீர்மானிக்கட்டும். போட்டால் மலரைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டிவரும்.

விசயம் இதுதான். போன மாதம் எங்கள் வீதியில் குடியிருக்கும் ஐரிஷ் பெண்மணி ஒருவர், புதிதாக வாங்கிய ஈ-சிகரெட் வாயைச் சுடுகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். தொட்டுப் பார்த்தேன், உண்மை. சரி, திருப்பிக் கொடுப்போம் என்று அவரோடு கடைக்குப் போனேன். கல்லாவில் நின்றவர் நம்முடைய தம்பி ஒருவர், இந்தச் சங்கத்து உறுப்பினர்தான். சாமானைக் கையில் வாங்கக்கூட இல்லை. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்துவிட்டு, "யூசர் எரர், அங்கிள்" என்றார்.

யூசர் எரர். நல்ல இங்கிலீசு. இதன் தமிழை முதல் முதலில் நான் கேட்டது 2009ஆம் ஆண்டு, ஸ்ட்ரெதமில். "பாவிக்கத் தெரியேல்லை." சாமானைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்கிற அந்தச் சொல்லால் ஒரு மனிதர் செத்துப்போகப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் வாழ்த்துரைக்குப் பதிலாகத் தருகிறேன்.

அப்போது நான் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் பரமேஸ் என்பவருடைய கடையில் வேலை பார்த்தேன். முதலாளி என்னைவிட வயதில் இளையவர். ஜேர்மனியில் பதினாறு வகை வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து கடை போட்டவர். முன்பக்கம் தொலைபேசி அட்டை, போன் உறை, சார்ஜர். பின்பக்கம் ஒரு மேசை, ஒரு விளக்கு, நான். கைபேசி திருத்துவது என் வேலை. முதலாளியின் மனைவி சரோ கல்லாவில் இருப்பார். வாடிக்கையாளரில் பாதிப் பேர் முதலாளியின் ஊர், மீதிப் பாதியில் பாதி சரோவின் ஊர். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த வருடந்தான் ஈ-சிகரெட் எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் வந்து குந்தியது. இன்றைக்கு நீங்கள் விற்கிற வர்ணச் சாமான் அல்ல. பேனைபோல ஒன்று. ஒரு முனையில் பற்றரி, மற்ற முனையில் வாய்க்குழாய், நடுவில் அட்டமைசர் என்ற சின்ன உலோகக் குழாய். அதற்குள் ஒரு கம்பிச்சுருள். திரவம் அதில் ஊறும், கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும். அவ்வளவுதான் அதன் வேதாந்தம். இது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று வைத்தியர்கள் பேசட்டும். என் கவலை கம்பி மட்டும்.

முதல் வந்தவை மூன்று சொச்சம் வோல்ட்டில் ஓடின. பல வருடம் சிகரெட் பத்திய, அதாவது புகைத்த, ஆட்களுக்கு அது காணாது. "அண்ணை, குளிருக்குள்ள வாயைத் திறந்தால் இதைவிடக் கூடப் புகை வருது" என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட முதலாளி சும்மா இருக்கவில்லை. இரண்டு பற்றரியை அடுக்கி ஐந்து வோல்ட் தருகிற சின்னப் பெட்டிகளை எங்கிருந்தோ இறக்கினார். பெட்டி புதிது. அதன் தலையில் பூட்டுகிற அட்டமைசர் மட்டும் பழையது, மூன்று சொச்சம் வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட அதே குழாய்.

சோதித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் ஒன்றைத் தந்தார். என் வாழ்நாளில் நான் ஒரு சிகரெட்டும் பத்தியதில்லை. ஆகவே என்னைவிடப் பொருத்தமான பரிசோதகர் கிடைக்கமாட்டார் என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும். முதல் மூன்று இழுப்பு நன்றாக இருந்தது. மேகம்போல ஆவி. நான் ஏதோ பெரிய பிரபுபோலக் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டேன். அடுத்த இழுப்பில் கருகிய நெடி வந்தது. அதற்கடுத்ததில் குழாய் என் மேலுதட்டோடு ஒட்டிப் பிடித்தது. கொதித்த திரவம் ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது. நான் கத்தின கத்தலுக்கு, முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர் தொலைபேசி அட்டையை விட்டுவிட்டு ஓடிவிட்டார்.

உதட்டில் மருந்து பூசுவதற்கு மீசையை வழிக்க வேண்டி வந்தது. மறுநாள் கடைக்குள் நுழைந்தபோது சரோ என்னை ஏறிட்டுப் பார்த்து, "என்ன வேணும் உங்களுக்கு?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலக் கேட்டார். வீட்டில் என் மனைவிக்கு மட்டும் சந்தோசம். நாக்கு வெந்ததால் எதுவும் உறைக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழும்பினேன். "இண்டைக்குத்தான் என்ரை குழம்பிலை பிழை பிடிக்காமல் சாப்பிட்டிருக்கிறியள்" என்றாள். பிழை பிடிக்காமல் சாப்பிடுகிறவனுக்கு நாக்கு வெந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெந்தது நாக்கு மட்டுமல்ல போலிருக்கிறது.

முதலாளியிடம் விளக்கினேன். வோல்ட் கொஞ்சம் கூடினால் சூடும் கொஞ்சம் கூடும் என்று நினைப்பது பிழை. அதே கம்பிக்கு மூன்று சொச்சத்துக்குப் பதிலாக ஐந்து கொடுத்தால் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரவம் ஊறி வருகிற வேகம் அப்படியே இருக்கும். ஊறுவதற்குள் கம்பி காய்ந்துவிடும். தண்ணீர் இல்லாத கேத்திலை அடுப்பில் வைத்த கதை. ஐந்து வோல்ட் விற்பதென்றால் அதற்கேற்ற, மின்தடை கூடிய கம்பி போட்ட அட்டமைசர் வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் சில வினாடியில் தானே நிற்கிற ஒழுங்கும் வேண்டும். இது இரண்டும் இல்லாமல் விற்கக் கூடாது.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அண்ணை, நீங்கள் ஒருநாளும் பத்தாத ஆள். உங்களுக்குப் பாவிக்கத் தெரியேல்லை" என்றார்.

அதில் உண்மை இருந்ததுதான் எரிச்சல். நான் இழுத்தது பசியில் பிள்ளை பால் குடிக்கிற மாதிரி. ஆனால் பல வருடம் பத்தினவன் என்னைவிட மெதுவாகவா இழுக்கப் போகிறான்?

பெட்டிகள் அலுமாரிக்குப் போயின, விற்கவும் தொடங்கின. நான் செய்ய முடிந்தது, வாங்குகிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வது மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கோ, இடைவெளி விடுங்கோ, ஒவ்வொரு முறையும் இரண்டு சொட்டுத் திரவம் விடுங்கோ, காய விடாதேங்கோ. அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். சிகரெட் தவனத்தில் கை நடுங்குகிற மனிதன் சொட்டு எண்ணிக்கொண்டா இருப்பான்?

முதலில் திருப்பிக் கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்காரர், சுவருக்குச் சாந்து பூசுகிறவர். உடுப்பெல்லாம் சுண்ணாம்பு. பெட்டியைக் கல்லாவில் எறிந்து, அச்சில் ஏற்ற முடியாத நாலு சொல் சொல்லி, காசை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை இன்னொரு வெள்ளைக்காரி. பிறகு ஒரு ஜமேக்காக்காரர். திரும்பி வந்தவற்றைப் போடுவதற்குச் சரோ ஒரு பிஸ்கட் தகரத்தை என் மேசைக்குக் கீழே வைத்தார். நான் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒரே வியாதி. கம்பி கறுத்து, வாய்க்குழாய்க்குள் இருந்த பஞ்சு கருகி.

தகரத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் அதற்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, இதுக்குள்ள எங்கட ஆக்களின்ரை ஒண்டாவது இருக்கோ?"

இல்லை. ஒன்றுகூட இல்லை.

"வாங்கினதில முக்கால்வாசி எங்கட சனம். ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வரேல்லை. அவைக்குப் பாவிக்கத் தெரியும். திருப்பிக் கொண்டு வந்த உவைக்குத் தெரியேல்லை. கணக்குச் சரிதானே?"

தகரத்தைத் திரும்ப என் மேசைக்குக் கீழே தள்ளினேன். ஒரே சாமான், ஒரே கம்பி. கம்பிக்கு யார் தமிழன், யார் வெள்ளைக்காரன் என்று தெரியுமா? தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தகரம் வேறு கதை சொன்னது.

இதற்குள் முதலாளிக்குப் பெரிய யோசனை வந்துவிட்டது. சவுத்தாலில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், தமிழ்நாட்டுக்காரர், இந்தப் பெட்டிகளை லண்டனில் இருக்கிற நம்மவர் கடைகளுக்கெல்லாம் விநியோகிக்கலாமா என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமை பகல் கடைக்கு வருவதாக ஏற்பாடு. அவர் ஓம் என்றால் கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலிருந்து மேற்கே சவுத்தால் வரைக்கும் ஒவ்வொரு பலசரக்குக் கடையிலும் என் மேலுதட்டைப் பொசுக்கின சாமான் தொங்கும். முதலாளி என்னை அழைத்து, வாறவருக்கு முன்னால் வோல்ட் சூடு என்று ஒன்றும் கதைக்க வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். வாடகை கட்டுகிற மனிதன் பேசாமல் நிற்பதில் கெட்டிக்காரன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு சாமத்தியவீடு, அதாவது மஞ்சள் நீராட்டு. ஸ்ட்ரெதமுக்குக் கிட்ட ஒரு மண்டபம். பெண்பிள்ளையைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மேலே ட்ரோன் இல்லாத காலம் என்பதால் உயிர் தப்பினோம். வடையும் தேத்தண்ணியும் முடிந்ததும் காற்று வாங்குவதற்காக மண்டபத்தின் பின்பக்கம் போனேன். குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடம். அங்கே கோட்டும் பட்டுவேட்டியுமாக ஒரு கூட்டம் நின்றது. என்னைக் கண்டதும் எல்லாருடைய வலது கையும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போனது. முதுகுகளுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பியது. தேர்த்திருவிழாவில் சாம்பிராணிச் சட்டிக்காரர் வரிசையாக நிற்கிறதுபோல இருந்தது.

சிகரெட். அசல் சிகரெட்.

ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் எங்கள் கடையில் ஐந்து வோல்ட் பெட்டி வாங்கினவர்கள். எப்படிப் போகுது சாமான் என்று கேட்டேன். திறம் என்றார் ஒருவர். வீட்டில் பத்திரமாக இருக்கு என்றார் மற்றவர். முதலாளி நல்ல சாமான்தான் கொண்டுவருவார் என்று மூன்றாமவர் நற்சான்றிதழ் தந்தார். தந்த வாயின் ஓரத்தில் சிகரெட் வாசம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் கூட்டத்தில் ஐந்தாறு பேருக்கு மீசை இல்லை. ஊரிலிருந்து ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்ட நாள் தொடக்கம், காட்டிலும் கப்பலிலும் அகதி முகாமிலும் மீசையைக் கைவிடாத மனிதர்கள். இப்போது வழித்த மேலுதட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னச் செம்புள்ளி. என் உதட்டில் இருந்த அதே இடத்தில்.

என் தலைக்குள் இருந்த பிஸ்கட் தகரம் அப்படியே கவிழ்ந்தது. கம்பி எல்லாரையும் ஒரே மாதிரித்தான் சுட்டிருக்கிறது. வெள்ளைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து எறிந்தார். நம்மவர் மீசையை வழித்துவிட்டு, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய பரமேஸிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் திரும்பச் சிகரெட்டுக்குப் போய்விட்டார்கள்.

கூட்டத்தின் கடைசியில், ஒரு வானுக்குப் பின்னால் ஒருவர் பதுங்கி நின்றார். சப்பாத்து மட்டும் தெரிந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தேன். குணம்.

குணம் சரோவின் தமையன், அதாவது முதலாளியின் மச்சான். மினிகாப் ஓட்டுகிறவர். முந்தின வருடம் நெஞ்சில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இனிச் சிகரெட் தொட்டால் தன்னிடம் வர வேண்டாம், நேரே சுடலைக்குப் போகலாம் என்ற பொருள்பட வைத்தியர் சொல்லியிருந்தார். கோயிலில் வைத்துச் சரோ அவரிடம் சத்தியம் வாங்கியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். முதலாளி ஐந்து வோல்ட் பெட்டி இறக்கியதும் முதற்பெட்டியைத் தன் கையாலேயே மச்சானுக்குக் கொடுத்ததும் தெரியும். அவருக்கும் மீசை இல்லை. நேர்த்திக்கடன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தார்.

கையில் சிகரெட்டோடு அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். 

"ஏன் ஐசே, அதைத் திருப்பிக் குடுக்கேல்லை?"

"எப்பிடி அண்ணை குடுக்கிறது? மச்சான் ஆசையாத் தந்தவர். சரியில்லை எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

"செத்தால் எந்த முகத்தோட போவீர்?"

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "சரோவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்றார். ஐம்பது வயது மனிதர், கண் கலங்கி நின்றார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சரியாகப் பங்கு போட முடியவில்லை. கம்பியில் கொஞ்சம். முதலாளியில் கூட. மரியாதை என்ற பெயரில் உதட்டைச் சுட்டுக்கொண்டு நற்சான்றிதழ் கொடுக்கிற அந்தப் பட்டுவேட்டிக் கூட்டத்தில் எல்லாவற்றையும்விடக் கூட. அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக நான் இருக்கலாம். சுட்ட பிறகும் அதே கடையில் சம்பளம் வாங்கினவன் நான்தானே.

குணத்திடம் சொன்னேன். திங்கட்கிழமை சவுத்தாலில் இருந்து ஆள் வருகிறார். அவர் ஓம் சொன்னால் உம்மைப்போல நெஞ்சடைப்புக்காரர் எத்தனையோ பேர் கையில் இது போய்ச் சேரும். நான் சரோவிடம் ஒன்றும் சொல்லமாட்டேன், அது உம்முடைய சத்தியம், உம்முடைய வாய். ஆனால் முதலாளி தகரத்தைத்தான் நம்புகிறார். அந்தத் தகரத்துக்குள் நம்மவருடைய பெட்டி ஒன்றாவது விழ வேண்டும். அவர் மிதித்த சிகரெட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். உள்ளே பல்லக்கு இறங்கி, கேக் வெட்டப் பாட்டுப் போட்டார்கள்.

திங்கட்கிழமை சவுத்தால்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரோ தேத்தண்ணி கொடுத்தார். முதலாளி ஐந்து வோல்ட்டின் பெருமைகளைப் பாட, நான் என் மேசையில் ஒரு நொக்கியாவைக் கழற்றினேன். அந்த நொக்கியாவில் ஒரு பிழையும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

"ரிட்டர்ன் எவ்வளவு வருதுங்க?" என்று சவுத்தால்காரர் கேட்டார்.

"எங்கட சனத்திட்ட இருந்து ஒண்டும் இல்லை" என்றார் முதலாளி.

"ஒண்ணுமே இல்லையா? ஆச்சரியமா இருக்கே. எந்தச் சாமானா இருந்தாலும் நூத்துக்கு ரெண்டு வருமே." அவர் என் பக்கம் திரும்பினார். "டெக்னீஷியன் நீங்கதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். சரோ என்னைப் பார்த்தார். நொக்கியாவும் என்னைப் பார்த்ததாகத்தான் ஞாபகம். உண்மையைச் சொன்னால் குணத்தின் பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? பெயர் இல்லாமல் சொன்னால் தகரம் என்னைப் பொய்யனாக்கும். வந்த விருந்தாளிக்கு முன்னால் முதலாளியின் முகத்தை முறிப்பதா? சனிக்கிழமை நான் ஏசின அதே வியாதி திங்கட்கிழமை என் தொண்டையில் வந்து நின்றது.

"முதலாளி ஒருக்கா இழுத்துக் காட்டட்டும்" என்றேன். "வழக்கமாப் பத்துற ஆள் இழுக்கிற மாதிரி, விடாமல்."

அதுவரை முதலாளி அந்தப் பெட்டியை ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை என்பது அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. பின்வாங்கவும் முடியாது. இழுத்தார். மூன்று, நாலு. முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பெட்டியை மெதுவாகக் கல்லாவில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவரும் நம்மவர்தானே.

சவுத்தால்காரர் வாயைத் திறப்பதற்குள் கடைக்கதவு மணி அடித்தது. குணம் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய பெட்டியை எடுத்துக் கல்லாவில் வைத்தார். கருகின வாசம் எனக்கு மேசை வரைக்கும் வந்தது.

"மச்சான், இந்தாரும். திருப்பித் தாறன். இது வாயைச் சுடுது."

முதலாளி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சரோ தமையனின் வழித்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மீசை நேர்த்திக்கில்லையோ?" என்று கேட்டார்.

"இல்லைப் பிள்ளை." குணம் கல்லாவைப் பார்த்துச் சொன்னார். "நான் திரும்பப் பத்துறன். ரெண்டு மாசமா."

சரோ கல்லாக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.  அந்த நேரம் பார்த்து முதலாளியின் வாயில், பழக்கத்தில், அந்தச் சொல் வந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. பதறினால் மனிதனுக்குப் பழகின சொல்தான் வரும்.

"மச்சான், உமக்கு அதைப் பாவிக்க..."

நான் மேசையில் அடித்தேன். நொக்கியா பறந்து, அன்றைக்குத்தான் உண்மையிலேயே பழுதானது.

"அந்தச் சொல்லை முடிச்சியளெண்டால் நான் இந்தக் கடையில இருக்கமாட்டன். அவருக்குப் பாவிக்கத் தெரியும். முப்பது வருசமாப் புகை இழுத்த மனுசன். ஐஞ்சு வோல்ட்டைத் தாங்கத் தெரியாதது உந்தக் கம்பி. கம்பிக்குத் தெரியாததை அவரின்ரை தலையில போடாதேங்கோ. நெஞ்சு வருத்தக்காரனைச் சொட்டு எண்ண வைச்சுச் சாமான் விக்கிறது வியாபாரமோ?"

இன்னும் நிறையச் சொன்னேன். நல்ல கோபம் வந்தால் எனக்கு இலக்கணம் போய்விடும், ஆகவே மீதியை அச்சுக்குத் தரவில்லை. சனிக்கிழமை கண்ட மீசைகளைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். குணத்தின் பெட்டியைத் தகரத்துக்குள் போட்டு, அந்தத் தகரத்தின் கதையையும் சொன்னேன். முதலாளி தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். அதில் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

சவுத்தால்காரர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். வாசலில் நின்று திரும்பி, "அந்த டப்பாவுல ஒண்ணு விழுந்துச்சே, அது நல்லதுங்க" என்றார்.

முதலாளி சில நாள் என்னோடு கதைக்கவில்லை. நானும் வேறு வேலை தேட வேண்டி வரும் என்று என் பழைய சான்றிதழ்களைத் தூசி தட்டி வைத்தேன். பிறகு ஒருநாள் காலை பெட்டிகள் எல்லாம் அலுமாரியிலிருந்து இறங்கியிருந்தன. வாங்கினவர்களுக்கெல்லாம் முதலாளியே போன் எடுத்தார், திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று. ஒருவரும் கொண்டுவரவில்லை. அருமையான சாமான், பிரிய மனமில்லை என்று ஒருவர் சொன்னாராம். கடைசியில் சரோ அவர்களுடைய மனைவிமாருக்கு எடுத்தார். மனைவிமாருக்கு என்ன சொன்னார் என்று தெரியாது. அடுத்த நாள் தகரம் நிரம்பி, வாளி வைக்க வேண்டி வந்தது. எல்லாம் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைக்காரருடையதும் நம்மவருடையதும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தன.

பிறகு தடை கூடிய அட்டமைசர் வந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் தானே நிற்கிற பெட்டி வந்தது. காயாமல் இருப்பதற்குத் திரவம் தாராளமாக ஊறுகிற அமைப்பு வந்தது. இதையெல்லாம் உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை, இன்றைய சாமானுக்குள் இதைவிடக் கெட்டித்தனம் இருக்கிறது. ஆனால் கெட்டித்தனம் கூடின அளவுக்கு உங்கள் வாயும் கூடியிருக்கிறது. அதுதான் கேடு. சூட்டைத் தடுக்கிற வேலையைக் கம்பிக்குக் கொடுங்கள், பொத்தானுக்குக் கொடுங்கள். மெதுவாக இழு, எண்ணி இழு, பயந்து இழு என்று மனிதனுக்குக் கொடுக்காதீர்கள். அவன் களைத்திருப்பான், பதறியிருப்பான், தவனத்தில் இருப்பான். அந்த நேரத்திலும் சுடாமல் இருந்தால்தான் அது சாமான். சாமான் திரும்பி வரவில்லையென்றால் நிம்மதியாக நித்திரை கொள்ளாதீர்கள். போய் மீசைகளைப் பாருங்கள். இந்தக் காலத்தில் மீசை குறைவு, ஆகவே வேறு எதையாவது பாருங்கள். ஐரிஷ் பெண்மணி ஒருவர் மழைக்குள் நடந்து வந்து, சுடுகிறது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் சிரிப்பை விட்டுவிட்டுக் கையில் வாங்குங்கள், தம்பி. கையில் வாங்குங்கள். உங்களுடைய சொந்த மாமா அதைச் செய்யமாட்டார்.

குணம் சிகரெட்டை விட்டது புது அட்டமைசராலா, சரோவின் வாயாலா என்பது இன்னும் தீராத வழக்கு. விட்டார், அவ்வளவுதான். மீசையும் திரும்பி வந்துவிட்டது, நரையாக. ஆனால் அன்றைக்குத் திறந்த வாயை அவர் அதற்குப் பிறகு மூடவேயில்லை. பொத்தான் இறுக்கம், நிறம் அவலட்சணம், மூடி கழருது என்று எங்கள் கடைக்கு அவரைப்போல உபத்திரவம் தந்த ஆள் கிடையாது. என் வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்புக் கூட என்று என் மனைவிக்கு முகத்துக்கு நேரே சொல்வார். அவளுக்குக் கோபம் ஏறும். நான் அவருக்கு இன்னும் ஒரு அகப்பை ஊற்றுவேன்.

நேற்று வந்தபோது இந்த வாழ்த்துரையை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, ஒரு இருமல்கூட இல்லாமல், முழுவதையும் வாசித்தார். தான் வானுக்குப் பின்னால் பதுங்கவில்லையாம், சும்மா நின்றாராம். நான் மேசையில் ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் அடித்தேனாம். நீளமும் கூடிப்போச்சாம். பிறகு கடதாசிகளை ஒழுங்காக அடுக்கி என் கையில் தந்தார்.

"இந்தாங்கோ அண்ணை, திருப்பித் தாறன்."